மாறாத முப்பத்துநாலு

வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி அக்கா இன்ச் டேப்பை வந்தவரின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்புறம் சேர்க்கிறார். எண்ணைப் பார்க்கிறார். பார்த்த எண் அவர் முகத்தில் எங்கும் தெரிவதில்லை. சாக்பீஸால் துணியில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஊசிகளுக்கு நடுவிலிருந்தே தீர்ப்புச் சொல்கிறார்: "நீங்க அப்படியேதாம்மா இருக்கீங்க. துணிதான் சுருங்கிப்போச்சு."

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில் இருக்கிறது அவருடைய கடை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, உடை மாற்ற ஒரு மூலையில் கழுத்து உயரத்துக்கு ஒரு திரை. வெளியாருக்குப் புதிதாக எதுவும் தைப்பதில்லை. இறுக்கிப் பிடிப்பது, தளர்த்தி விடுவது, மடிப்பது, ஜிப் மாற்றுவது, இந்த ஆல்டரேஷன் மட்டும்தான். அதனால் பெயரும் ஆல்டர் அக்கா என்றே நிலைத்துவிட்டது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார். அதில் நின்று பார்ப்பவர்கள் சற்று உயரமாகவும் சற்று ஒல்லியாகவும் தெரிவார்கள். "நேரா வச்சா விழுந்துடும்மா" என்பது அவர் சொல்லும் காரணம்.

இதுவரை எங்கள் கட்டடத்தில் யாரும் குண்டானதில்லை. துணிகள்தான் தொடர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. வாஷிங் மெஷின் சுருக்குகிறது, சோப்பு சுருக்குகிறது, மழைக்காலத்து ஈரம் சுருக்குகிறது. கணக்குப் பிரிவிலிருக்கும் பெரியவருக்கு இந்த வருடம் மூன்று பேண்ட்டுகள் சுருங்கின. "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல சார்" என்று அக்கா அவரைத் தேற்றி அனுப்பினார். சார் தண்ணீரை மாற்றினாரே தவிர, மதிய உணவுக்குப் பிறகு மேசை டிராயரிலிருந்து எடுக்கும் முறுமுறுப்பான பொட்டலத்தை மாற்றவில்லை.

காத்திருப்பவர்களுக்கு பிஸ்கட் உண்டு. உடையைத் தளர்த்தி விட வந்தவர்களுக்கு ஒன்று, பிடிக்க வந்தவர்களுக்கு இரண்டு. "ஐயோ பாவம், இளைச்சுப் போயிட்டியே" என்று மூன்றாவதையும் கையில் திணிப்பார். அவர் அணிவதெல்லாம் எலாஸ்டிக் வைத்த உடைதான். "எலாஸ்டிக் மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும் சொல்லு? ஒரு கேள்வி கேக்காது."

இரண்டாவது மாடியில் ஒரு இதய மருத்துவர் இருக்கிறார். உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, இனிப்பை விடு, தினமும் நட என்று காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர். அவருடைய பேண்ட்டுகளும் ஒரு பையில் சுருட்டி மடிக்கப்பட்டு, உதவியாளர் வழியாகக் கீழே வரும். அக்கா அவற்றை யாருக்கும் காட்டமாட்டார். "மருந்து வாடைக்கும் துணி சுருங்கும்போல" என்று மட்டும் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இத்தனை பேரிடமும் காட்டும் தாராளத்தை வீட்டில் காட்டாமல் இருப்பாரா? அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். ஷிஃப்ட் முடிந்ததும் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் முக்காலியில் அமர்ந்து, மனைவி திறந்து வைக்கும் டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். வயிறு ஸ்டியரிங்கைத் தொடுவதைப் பற்றி யாராவது கேட்டால், "புது பஸ்ஸுல ஸ்டியரிங்கக் கிட்டக்க வச்சுட்டானுங்க" என்பார். அந்த வீட்டில் பொருத்தம் பார்க்காமலே பொருத்தம் அமைந்திருந்தது.

அவருக்கு ஒரே ஒரு பெருமை. "கல்யாணத்தன்னிக்கு முப்பத்துநாலு. இன்னிக்கும் முப்பத்துநாலு. நம்பலன்னா பாருங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். பேண்ட்டின் இடுப்புப் பட்டியை வெளியே மடித்து, உள்ளே தைத்திருக்கும் அளவுத் துண்டைக் காட்டுவார். லிஃப்டுக்காக அங்கே காத்து நின்றவர்கள் எல்லோரும் அந்த 34ஐப் பார்த்திருக்கிறார்கள். நானும் இருமுறை பார்த்திருக்கிறேன்.

அதன் கதை எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. கணவருடைய சீருடையை மட்டும் அக்கா தானே தைப்பார். ஒருநாள் நான் போனபோது, பழைய பேண்ட்டிலிருந்து அந்தத் துண்டை பிளேடால் நூல் நூலாகப் பிரித்து, புதிய பேண்ட்டின் பட்டியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். புதிய பேண்ட்டோ இரண்டு பேர் நுழையலாம்போல இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அவர் சந்தோஷத்துக்கும்மா. துண்டுத் துணிதானே."

பிறகு பேண்ட்டை உள்புறமாகத் திருப்பிக் காட்டினார். பின்பக்க நடுத்தையலை ஒட்டி இரு பக்கமும் அகலமான துணி மடிந்திருந்தது. ஆள் பருத்தால் தையலைப் பிரித்து வெளியே விடுவதற்காக வைக்கும் உபரித் துணி. மற்ற தையற்காரர்கள் ஓர் இன்ச் வைப்பார்கள். அக்கா இரண்டரை வைத்திருந்தார். துவைத்துக் காய்ந்து வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு நூல், இரு நூல் என்று, அதாவது அரைக்கால் இன்ச் கணக்கில், விட்டுக்கொண்டே வருவாராம். துணி தீர்ந்ததும் அடுத்த பேண்ட், அதே 34.

போன மழைக்காலத்தில் டிப்போவின் படிக்கட்டில் ஏறும்போது அண்ணனுக்கு நெஞ்சை யாரோ பிசைவதுபோல் இருந்தது. வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் மாடி மருத்துவர்தான் பார்த்தார். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறது, இன்னும் முற்றவில்லை, மருந்தும் சாப்பாடும் நடையும் சரியாக இருந்தால் கத்தி வைக்காமல் தப்பிக்கலாம் என்றார். மூன்று மாதம் பேருந்தை ஓட்டக்கூடாது. அதற்குப் பிறகு பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். முதலில் இடுப்புச் சதை இறங்க வேண்டும்.

நர்ஸ் டேப் வைத்துப் பார்த்து நாற்பத்திரண்டு என்றாராம். அங்கே நடந்ததை அக்கா எனக்கு நடித்தே காட்டினார்.

"இவர் சிரிக்கிறாரு. 'உங்க டேப்பு இழுத்துப்போச்சும்மா, மாத்துங்க'ங்கிறாரு. டாக்டர்கிட்ட பட்டிய மடிச்சுக் காட்டறாரு, பாருங்க முப்பத்துநாலுன்னு. டாக்டர் என்னப் பாக்கறாரு. நான் ஃபேனப் பாக்கறேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எங்கேருந்து சொல்ல? அந்த டாக்டர் போட்டிருந்த பேண்ட்டே நான் விட்டதுதான்."

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணன் அசையவில்லை. கீரையைத் தள்ளிவைத்தார். வறுத்ததைக் கேட்டார். "எடை ஏறியிருந்தா என் பேண்ட் எனக்குச் சொல்லாதா? மெஷின் பொய் சொல்லும், பேண்ட் சொல்லுமா?" இதைக் கேட்டபோதுதான் அக்காவுக்கு உறைத்ததாம். மனுஷன் நம்புகிற ஒரே மருத்துவர் அந்த பேண்ட்தான். அதன் வாயை அடைத்து வைத்திருந்ததோ அக்கா.

ஆகவே பேண்ட்டைப் பேச வைத்தார். விட்டுக்கொண்டே வந்த கை, முதல்முறையாகப் பிடித்தது. முதல் வாரம் ஒரு நூல். அண்ணன் பட்டனைப் போடும்போது புருவத்தைச் சுருக்கினார். அடுத்த வாரம் இன்னொரு நூல். "இது என்னடி இறுக்குது?" என்று பயந்துபோனவர் அன்றிலிருந்து இரண்டாம் முறை சோறு வாங்குவதை நிறுத்தினார். தேநீரில் சர்க்கரை போயிற்று. உப்பு டப்பா மேசையிலிருந்து அலமாரிக்கு ஏறியது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அவித்த காய்கறியை, தண்டனைக் கைதி தன் கஞ்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி, ஆனால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அக்கா ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டவர்போல என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

கெட்டிக்காரத்தனத்தில் ஒரு சிக்கல், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. அண்ணன் இளைக்க இளைக்க, இளைத்த அளவுக்கு அக்காவும் பிடித்துக்கொண்டே வந்தார். விட்டால் பழையபடி வறுத்ததுக்குக் கையை நீட்டிவிடுவார் என்ற பயம். அவருடைய கழுத்து மெலிந்தது, சட்டை தோளில் தொங்கியது, மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. இதையெல்லாம் நாங்கள் பார்த்தோம். அவர் பேண்ட்டை மட்டுமே பார்த்தார். அது முதல் வாரம் போலவே இறுக்கியது.

மறுபரிசோதனைக்குச் சில நாட்கள் இருக்கும்போது, என் ஸ்கர்ட்டை வாங்கப் போயிருந்தேன். அண்ணன் வேகமாக வந்தார். எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பொட்டலத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் பேண்ட் மட்டும் திரைக்கு மேலாகப் பறந்து வந்து விழுந்தது.

"லூஸ் பண்ணு."

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? இலை தழையெல்லாம் தின்னாச்சு. தெருத்தெருவா நடந்தாச்சு. தெரு நாயெல்லாம் எழுந்து வழி விடுது, அவ்வளவு பழக்கமாயிட்டேன். இந்த பேண்ட் மட்டும் ஒரு நூல் எறங்கல. இது ஆகாத உடம்பு. விட்டுடு. இருக்கற வரைக்கும் வாய்க்கு ருசியாத் தின்னுட்டுப் போறேன்."

"டாக்டர் பாக்கணும்னாரே..."

"அவர் என்ன பாக்கறது, நான்தான் பாத்துட்டேனே. இனிமே டிப்போவுல உக்காந்து சாவி மாட்டிக்கிட்டே காலத்த ஓட்டறேன்."

அக்கா பேண்ட்டை எடுத்தார். பிளேடு தையலில் பட்டு நின்றது. பிரித்து விட்டால் அந்த நிமிடமே அவர் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடு பொட்டலத்தைப் பிரிப்பார்.

"நான்தாங்க பிடிச்சேன்."

"எதை?"

"பேண்ட்ட. துவைச்சு எடுக்கறப்பல்லாம்."

திரைக்கு மேல் அண்ணனின் தலை திரும்பியது.

"நான் எளைச்சேனா இல்லையா?"

"எளைச்சீங்க. அதனாலதான் பிடிக்க வேண்டியிருந்துச்சு."

"அடிப்பாவி! நான் எறங்க எறங்க நீ தொரத்திக்கிட்டே வந்தியா?"

கோபத்தில் வெளியே வர ஓர் அடி வைத்தவர், தன் நிலைமை நினைவுக்கு வந்து உள்ளேயே நின்றார். கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்த கோபம் யாரையும் பயமுறுத்துவதாக இல்லை. நான் லிஃப்ட் வருகிறதா என்று பார்த்தேன். அது வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போயிற்று.

"அப்போ அந்த முப்பத்துநாலு?" குரல் இறங்கியிருந்தது.

"உங்க மொத பேண்ட்டோடது. பிரிச்சுப் பிரிச்சு மாத்தித் தச்சேன்."

"நர்ஸு டேப்பு?"

"நல்ல டேப்புங்க."

அவர் கண்ணாடியைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். "ஏன்டி இப்படிப் பண்ண?"

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் பட்டன் போட வராம நின்னீங்க. மொகம் சுண்டிப்போச்சு, என்னால பாக்க முடியல. விட்டுத் தச்சேன். மறுநாள் விசில் அடிச்சுக்கிட்டே வேலைக்குப் போனீங்க. அப்பறம் நிறுத்த வரல."

அண்ணன், "சரி. இப்ப எவ்வளவு? நெசத்தச் சொல்லு" என்றார்.

அக்கா திரைக்கு அடியில் கைகளை விட்டு டேப்பைச் சுற்றினார். "மூச்சப் பிடிக்காதீங்க. விடுங்க. இன்னும் விடுங்க."

"இதுக்கு மேல விட்டா போய்ச் சேந்துடுவேன்."

"முப்பத்தொம்பது."

அந்தக் கடையில் ஒரு எண் வாய்விட்டுச் சொல்லப்பட்டதை அன்றுதான் கேட்டேன். வாசலில் நின்ற காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்தொம்பதா!"

"நாப்பத்திரண்டுலேருந்துங்க."

முப்பத்துநாலு என்று நம்பியிருந்தவருக்கு அது பெரிய இடி. நாற்பத்திரண்டிலிருந்து இறங்கியவருக்கோ அது மாலை போடவேண்டிய செய்தி. இரண்டும் ஒரே முகத்தில் இடம் பிடிக்கப் போட்டி போட்டன. கடைசியில் அவர் பொட்டலத்தைத் தாடையால் சுட்டினார். "அத அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துடு. சின்ன வயசு, செரிக்கும்."

"வேணாம். அவ துணியும் கொஞ்ச நாளாச் சுருங்குது" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

பிறகு மெஷினில் உட்கார்ந்து, இறுக்கிய தையலையெல்லாம் பிரித்து, முப்பத்தொன்பதில் ஒரே ஓட்டமாகத் தைத்தார். திரைக்கு மேலிருந்து அண்ணன் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"ஏய், அதோட ஒரு இன்ச்சு சேத்து விட்டுடு. பஸ்ஸுல உக்காந்தா பிடிக்கும்."

அக்கா பேண்ட்டை உள்புறமாகத் திருப்பி மடியில் விரித்தார். பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பட்டியிலிருந்து கீழ்வரை, புதுத் தையலை ஒட்டி, உள்ளே மடிந்திருந்த உபரித் துணியை இரு பக்கமும் நறுக்கிக் கூடையில் போட்டார்.