மதிலில் ஒரு சங்கு

மூடிக்கிடக்கும் மில்லின் மதிலில் ஊர்ப் பெருமையைப் படமாக வரைவது என்று முடிவானபோது, அங்கே முப்பது வருஷம் நூல் நூற்றவன் என்பதால் யோசனை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வரைவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மில் என்றதும் முதலில் எது ஞாபகம் வரும் என்று கேட்டாள்.

"சங்குதாம்மா. அது ஊதித்தான் ஊரே எந்திரிக்கும்" என்றேன்.

"பெரிசா சார்?"

ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும் சத்தத்தை நினைத்துக்கொண்டு, "ரொம்பப் பெருசு" என்றேன்.

ஒரு வாரம் வெயிலுக்குப் பயந்து அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது புகைபோக்கியைவிட உயரமாக, தங்கப் பூண் போட்ட வெள்ளை வலம்புரிச் சங்கு ஒன்று மதிலில் நின்றது. தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போகிறவர்கள் அதன் காலடியில் எறும்புபோல ஊர்ந்தார்கள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் அவள்.

ஷிப்டுக்கு ஊதும் சைரனை எங்கள் ஊரில் ஒருவரும் சைரன் என்று சொன்னதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

என்னோடு வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அழித்துவிட்டுச் சைரனை வரையச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"எதுக்கு வே அழிக்கணும்? மில்லுக்குச் சங்கு ஊதியாச்சுல்லா. புள்ள சரியாத்தான் வரைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.