காரியதரிசி செல்லத்தாயி அழிக்காத வரி

அலோர் காஜாவிலிருந்து காலையில் மலாக்காவுக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். நான் ஒரு கல்யாண ஜோடியை உட்கார வைத்துவிட்டுக் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருந்தேன். "ராவுத்தரே, ரெம்பியா படக்கார அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க. நாலு நாளாக் காச்சலாம். உங்களுக்குச் சொல்லிவிடச் சொன்னாங்க" என்றார். துணிக்குள் இருந்தபடியேதான் கேட்டேன். வெளியே வர முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை, "எடுத்தாச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நாளைக்கு வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

இந்தச் சுற்றறிக்கையை வாசிக்கும் அங்கத்தினர்கள் பலரும், நிழற்படக் காப்பாளர் சங்கத்தின் மலாக்கா கிளையை நான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைவர் என்று அச்சில் வந்தது என் பெயர்தான். ஆனால் கிளையை நடத்தியவர் காரியதரிசி செல்லத்தாயி அம்மாள். எனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த ஒரு காரியத்தை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. அஞ்சலி என்ற பெயரில் அதையும் மூடி மறைத்தால் அவர் ஒப்பமாட்டார்.

அவருடைய கணவர் ஆறுமுகம், சைக்கிளில் காமிராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுத்தவர். செல்லத்தாயி கூடவே போவார். படத்தில் நிற்பவர் யார், தகப்பன் பெயர் என்ன, எந்த லயத்தில் குடியிருப்பு, எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று கேட்டு, படம் பதிந்த கண்ணாடித் தகட்டை வைக்கும் காகித உறையின் மேல் அன்றைக்கே எழுதிவிடுவார். காமாலையில் ஆறுமுகம் போன பிறகு, பெட்டியை விற்றுவிட்டு அந்த அம்மாள் ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார்.

அந்தக் காலத்தில் நம் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. படத்தை அச்சிட்டுக் கொடுத்ததும் கண்ணாடித் தகட்டை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, படங்களுக்குச் சட்டம் போடுகிறவர்களிடம் வெறும் கண்ணாடியாகத் தள்ளிவிடுவோம். செத்துப்போன தாயின் படத்தைக் கேட்டுப் பின்னால் யாராவது வந்தால் கையை விரிப்போம். இதை நிறுத்தத்தான் சிங்கப்பூரில் சிலர் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். மலாக்காவில் ஒன்பது கடைக்காரர்கள் சேர்ந்து, என் கடையின் மாடியறையில் கிளையைத் தொடங்கினோம்.

முதல் கூட்டத்திலேயே சண்டை. செல்லத்தாயியைக் காரியதரிசியாகப் போடலாம் என்று நான் சொன்னதும், புக்கிட் ரம்பாய் பக்கம் கடை வைத்திருந்த கோவிந்தசாமி எழுந்தார். "பொம்பளையப் போட்டா சிங்கப்பூர்க்காரன் சிரிப்பான்."

செல்லத்தாயி எழுந்தார். கோவிந்தசாமி கொண்டுவந்திருந்த தகடுகளில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது யாருங்க?"

"யாரோ பத்து பெரண்டாம் தோட்டத்து ஆளு. யாருக்கு ஞாபகம்?"

பிறகு செல்லத்தாயி தம் பையிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்தார். உறையைப் பார்க்கவேயில்லை. "இது ரெங்கம்மா. சடையன் மக. பக்கத்துல நிக்கிறது அவ தங்கச்சி பேச்சி. படம் எடுத்த மறுமாசம் அந்தப் புள்ள செத்துப்போச்சு. அதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்." தகட்டை உறையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பேரில்லாத தகடு வெறும் ஜன்னல் கண்ணாடிங்க."

கோவிந்தசாமியே கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நிம்மதி இல்லை. மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். உறையில் பெயர் எழுதாதவர்களைப் பெயர் சொல்லிக் கேட்பார். பிஸ்கட் டின்களில் மரத்தூள் நிரப்பி எல்லாருடைய தகடுகளையும் அந்த மாடியறையில் அடுக்கச் சொல்வார். கூரை ஒழுகினால் தலைவர் என்றும் பாராமல் என்னை ஏணியில் ஏற்றுவார். எதற்கெடுத்தாலும் எங்கள் இருவருக்கும் தகராறுதான். அவர் பேச்சில் தேன் கிடையாது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்து ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரெம்பியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், புருஷனை ஒரு கப்பலிலும் பெண்டாட்டியை இன்னொரு கப்பலிலும் அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது. எல்லாரும் ஒன்றாகத்தான் போவோம் என்று ஜனங்கள் ஆபீசின் முன்னால் கூடி நின்றார்கள். பிரிவதற்கு முன் சேர்ந்தாற்போல ஒரு படம் வேண்டும் என்று அவர்களே ஆள் விட்டு செல்லத்தாயியை வரவழைத்தார்கள். காலையில் படம் எடுத்துவிட்டு அவர் வீடு திரும்பினார். மத்தியானம் யாரோ கல் எறிந்ததில் தோட்டத்துத் துரையின் கார்க் கண்ணாடி உடைந்தது.

நாலாம் நாள் ஒரு போலீஸ் அதிகாரியும், கிராணி என்று அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த குமாஸ்தாவும் என் கடைக்கு வந்தார்கள். படம் எடுத்ததைக் கிராணி பார்த்திருக்கிறார்; ஆனால் ஆட்களின் பெயர் அவருக்கு இன்னும் பழகவில்லை. கூட்டத்தில் நின்றவர்களை அடையாளம் காண அந்தத் தகடு வேண்டும், அடுத்த வாரம் வருவோம் என்றார்கள். அதற்குள், அதிகாரிகளுக்கு ஒத்துழைக்காவிட்டால் கிளையை மூட நேரிடும் என்று சிங்கப்பூர்த் தலைமைச் சங்கத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது.

கமிட்டியைக் கூட்டினேன். கொடுத்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"கொடுக்கலன்னா இந்த ரூமையே பூட்டிடுவாங்க தங்கச்சி. மத்த தகடெல்லாம் என்னாகும்? ஒண்ணுக்காக அத்தனையும் போகணுமா?"

"அந்த ஒண்ணுல முப்பது சனத்துக்கு மேல நிக்குது ராவுத்தரே."

கோவிந்தசாமி குரலைத் தாழ்த்தினார். "கை தவறி விழுந்து உடைஞ்சிருச்சுன்னு சொல்லிருவோம்லா."

செல்லத்தாயி அவரைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க ஆசைப்பட்டு நின்ன படம் அது. அதை உடைக்கச் சொல்லி ஒரு சங்கமா? உடைக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்."

கை தூக்கச் சொன்னேன். கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த முடிவை அவரே தம் கையால் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார். தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். உறையை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "கமிட்டி தகட்டைத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கு. உறையைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

விசாரணை என் மாடியறையில் நடந்தது. தகட்டை வெயிலில் வைத்து நானே அச்சு எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி பென்சிலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டார். கிராணி செல்லத்தாயியிடம் தமிழில் கேட்டார்.

"உறை எங்கே? பேர் எழுதுவியே?"

"இன்னும் எழுதலிங்க."

"இவன் யாரு?"

"தெரியாதுங்க."

"இவன்?"

"தெரியாதுங்க."

முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசை. ஒரு முகத்தையும் மறக்காத மனுஷி, ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகக் குனிந்து பார்த்துத் தெரியாது என்றார். அவர் குரல் மாறவில்லை. கைகளை மட்டும் மேசைக்கு அடியில் இறுகக் கோத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது.

அப்போது அதிகாரி முன்வரிசையில் தலைப்பாகை கட்டி நின்றவனைச் சுட்டிக்காட்டி மலாய் மொழியில் ஏதோ சொன்னார். கிராணி என் பக்கம் திரும்பினார். "கீழே உங்க கண்ணாடிப் பெட்டியில கல்யாணப் படம் ஒண்ணு மாட்டியிருக்கீங்களே. மாப்பிள்ளை இவன்தானே?"

மறுக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. முகம் ஒன்றுபோல இருக்கிறது, பெயர் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கலாம். கிளையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேனா, என் கடையைக் காப்பாற்ற நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஆமாங்க. முனியாண்டி" என்றேன்.

செல்லத்தாயி என்னைப் பார்க்கவில்லை. அந்த அச்சுப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டை அவர்கள் எடுத்துக்கொண்டபோது மட்டும் எழுந்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

அந்த வாரமே முனியாண்டியைத் தனியாகக் கப்பலேற்றினார்கள். மனைவி பொன்னம்மாவும் இடுப்புக் குழந்தையும் லயத்திலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் பெயர் தெரியாமலே விசாரணை முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம்; செல்லத்தாயி வரமாட்டார் என்றிருந்தேன். வழக்கமான பஸ்ஸில் வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, சென்ற வாரத்து நடவடிக்கையை வாசித்தார். "காரியதரிசி பெயர் சொல்லவில்லை. தலைவர் ஒரு பெயர் சொன்னார்." அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு, அந்த வரியை அடித்துவிடச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"மூஞ்சில இருக்கிற தழும்பு மறைய டச்சப் போடலாம் ராவுத்தரே. நடந்ததுக்குப் போடக்கூடாது" என்றார். பிறகு, "சட்டையை மாட்டுங்க. தோட்டத்துக்குப் போவோம்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போனோம். லயத்து வாசலில் பொன்னம்மா துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். செல்லத்தாயி ஒதுங்கி நின்றுகொண்டார். நானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உன் புருஷன் பேரைச் சொன்னது நான்தாம்மா."

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். "கல்யாணப் படத்தைக் கடையில மாட்டட்டுமான்னு நீங்க கேட்டப்ப, அவருக்கு அவ்வளவு பெருமைங்க. டவுனே பாக்கும்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பொன்னம்மாவையும் குழந்தையையும் அன்றைக்கே தம் வீட்டுக்கு அழைத்துப்போனார் செல்லத்தாயி. அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல், அவளைப் புருஷனிடம் அனுப்பச் சொல்லிக் கிளையின் பெயரில் சர்க்காருக்குக் கடிதம் எழுதினோம். அவர் சொல்வார், நான் எழுதுவேன், தலைவர் என்று கையெழுத்தும் போடுவேன். தொழிலாளர் விவகாரம் பார்த்த ஆபீசில், இவள் அவன் மனைவிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. செல்லத்தாயி பிஸ்கட் டின்னைத் திறந்து அந்தக் கல்யாணத் தகட்டைத் தேடி எடுத்தார். அவருடைய நச்சரிப்புக்குப் பயந்து, உறைமேல் இருவர் பெயரும், தகப்பன்மார் பெயரும், தேதியும் நான் எழுதி வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். முதல் ஆபீசர் ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர் ஏற்றார். பொன்னம்மாவுக்கும் குழந்தைக்கும் கப்பலில் இடம் கிடைத்தது.

அதே நாட்களில் செல்லத்தாயி, கையெழுத்து வாங்கிய சீட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். விரட்டினார்கள். மறுபடி போனார். கடைசியில் மூலையில் விரிசல் விட்டிருந்த தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடுப்பில் செருகிய உறையை அவர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து தகட்டை உள்ளே போட்டபோது முதல்முறையாகப் படித்தேன். ஒருவர் விடாமல் முப்பத்திரண்டு பெயர்கள்.

மழைக்காலத்தில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முனியாண்டி யாரையோ கொண்டு எழுதியிருந்தான். மூவரும் சேர்ந்து இருப்பதாகவும், கிணறு வெட்டும் வேலைக்குப் போவதாகவும், அன்றைக்கு ஆபீசின் முன்னால் எல்லாரும் நின்ற படத்தில் ஒன்று அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தான். மற்றவர்களில் யார் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை, முகத்தையாவது பார்த்துக்கொண்டிருப்போம் என்று எழுதியிருந்தது. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தையும் இல்லை.

செல்லத்தாயி கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "நல்லா அச்சுப்போடுங்க ராவுத்தரே. விரிசல் தெரிஞ்சா தெரியட்டும்" என்றார். படத்தின் பின்பக்கத்தில் பெயர்களை அவர் எழுதினார். அன்றைக்குத்தான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அவரை அறிந்த உங்களில் சிலர் அவருடைய காமிராவை நினைவாக வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறீர்கள். அது அவர் தங்கை வீட்டுக்குப் போகிறது. தகடுகள் கிளையில் இருக்கும். நடவடிக்கைப் புத்தகம் அந்த வரியோடு அடுத்த காரியதரிசிக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறொன்று. அவர் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் செய்ததை என் முகத்துக்கு நேரே வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அதே மேசையில் என் எதிரே உட்கார்ந்து வேலை செய்தார். ஒருவர் தப்பை மறக்காமலே அவரோடு சேர்ந்து ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடிக்கலாம் என்பது அவரால்தான் எனக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். இனிமேல் யாராவது என்னிடம் தவறு செய்துவிட்டு வந்து நின்றால், அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவேன்.