தாலித் தட்டத்தின் அடிப்பலகை

நான் காணி அளந்து பிழைத்தவன். ஓய்வு பெற்ற ஆண்டின் பங்குனியில், கொழும்பிலிருந்து லொறியில் ஒரு சிறிய கடைசல் இயந்திரம் வந்து இறங்கியது. அச்சுவேலிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் கார் விடுவதற்கென்று கட்டிய கொட்டில் ஒன்று உண்டு, கார் வாங்கவில்லை. இயந்திரம் அதற்குள் போனது. மனைவி வந்து பார்த்தாள்.

“உதிலை விரல் கிரல் போனால் என்னைக் கூப்பிடாதேங்கோ.”

நான் பழக விரும்பியது கட்டில் கால் கடைவது அல்ல. இணையக் காணொளிகளில் பார்த்த வேறொரு வேலை. ஆப்பு வடிவில் சின்னத் துண்டுகள் அறுத்து, வட்டமாகச் சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம். வளையத்தின் மேல் வளையம் அடுக்கி ஒட்டி, அந்த அடுக்கைச் சுழலவிட்டு உளியால் கடைந்தால் கிண்ணம். வேம்பின் சிவப்பும் பலாவின் மஞ்சளும் மாறி மாறி வர, கல் அடுக்கிக் கட்டியது போலிருக்கும்.

பன்னிரண்டு துண்டுகள் ஒரு வளையம். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிசகினால், கடைசித் துண்டை வைக்கும்போது விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்து நிற்கும். காணி அளப்பதும் இப்படித்தான். ஒரு எல்லைக்கல்லில் தொடங்கிச் சுற்றி வந்து அதே கல்லில் வந்து முடியாவிட்டால், எங்கோ பிழை விட்டிருக்கிறோம். அது எனக்குப் பழகிய பயம். வெட்டும் கோணத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். துண்டுகளைச் சைக்கிள் ரியூப் கீலத்தால் இறுகச் சுற்றிக் கட்டி, பசை காய்ந்ததும் வளையத்தின் அடியில் பென்சிலால் திகதி எழுதினேன். எதற்கும் திகதி எழுதுவது என் வழக்கம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பொருத்திலும் கீற்று ஒளி வரவில்லை. இந்த வேலையில் பயப்பட வேண்டியது கோணத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து வந்தான். அவனுக்குக் கார்த்திகையில் கலியாணம். என் முதல் கிண்ணத்தைத் தூக்கி, விரலால் சுண்டிப் பார்த்தான்.

“மாமா, பாரம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் வடிவாய்க் கிடக்கு. என்ரை கலியாணத்துக்குத் தாலித் தட்டம் நீங்கள்தான் செய்து தரோணும்.”

எங்கள் கலியாணங்களில், தாலி கட்டுவதற்கு முன் அதைத் தேங்காயின் மேல் வைத்து, தட்டத்தோடு சபை முழுவதும் கொண்டு போவார்கள். வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். மண்டபத்தின் அத்தனை கண்களும் கைகளும் படுகிற தட்டம் அது. அவன் பகிடியாகச் சொன்னானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

“வீட்டிலை பித்தளைத் தட்டம் கிடக்கேக்கை உவனுக்கு ஏன் பலகைத் தட்டம்?” என்றாள். பிறகு, “சரி, ஆசைப்பட்டுக் கேக்கிறான், செய். ஆனால் தம்பி, அவன்ரை காரியத்திலை இனி ஒரு சொட்டும் பிசகக் கூடாது” என்றாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். அவனுக்கு முதலில் பேசிய சம்பந்தம், மண்டபம் பதிந்து, அழைப்பிதழும் அச்சடித்த பிறகு குழம்பிப் போனது. அன்றிலிருந்து பல்லி சொன்னாலும் அக்கா கை வேலையை விட்டுவிட்டு நிற்பாள். நான் செய்கிற தட்டம் அந்த மண்டபத்தில் பொருத்து விட்டுத் தேங்காயும் தாலியும் நிலத்தில் விழுந்தால், அது பசையின் பிழை என்று அவளுக்கு யாரும் விளக்க முடியாது. ஆயுளுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். மருமகளாக வருகிற பெண்ணின் தலையிலும் அது ஏறும்.

ஆடியில் வேலையைத் தொடங்கினேன். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி, நாம் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும். பசையும் அப்படியே. விளிம்புக்கு இரண்டு வளையங்கள். அடிக்கு மட்டும் துண்டுகள் வேண்டாம், ஒரே பலகையாக இருந்தால் தேங்காயின் பாரத்தைத் தாங்கும் என்று நினைத்து, ஒரு வேப்பம் பலகையை வட்டமாக வெட்டி, விளிம்பு வளையத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தி ஒட்டினேன். அத்தனை நன்றாகப் பொருந்தியது. கடைந்து, மினுக்கி, பழைய வேட்டியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

ஐப்பசியின் கடைசிக் கிழமை மழை விடாமல் பெய்தது. கதவுகள் ஊதிப் போய்ச் சாத்த முடியவில்லை. வாசல் படலையின் தாழ்க்கட்டைகூட இறுகிவிட்டது. ஒரு காலை, தட்டத்தை அக்கா வீட்டில் கொடுத்துவிடலாம் என்று வேட்டியைப் பிரித்தேன். யன்னலுக்கு நேரே பிடித்தேன். விளிம்பில், ஒரு வேம்புத் துண்டுக்கும் ஒரு பலாத் துண்டுக்கும் நடுவே மயிர் கனத்தில் வெளிச்சம் தெரிந்தது.

முதலில் வந்த எண்ணம், என் கோணம் பிழைத்துவிட்டது என்பது. மற்றப் பொருத்துகளை அளந்தேன், எல்லாம் சரி. பிறகு தட்டத்தைத் திருப்பினேன். பென்சில் எழுத்து: ஆடி மாதத்துத் திகதி. அதைப் பார்த்ததும்தான் வீட்டுக் கதவுகள் நினைவுக்கு வந்தன. சோளகத்தில் எலும்பாகக் காய்ந்திருந்த அடிப்பலகை, மாரி ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரிந்திருக்கிறது. விரிய இடமில்லை. சுற்றியிருந்த வளையத்தை உள்ளேயிருந்து நெட்டியிருக்கிறது. ஒரு பொருத்து விட்டுக்கொடுத்துவிட்டது. மழை தொடர்ந்தால் மற்றவையும் விடும்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை.

“உங்கடை அக்காவிட்டைச் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி.

“சொன்னால் அவ இண்டைக்கே சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிட்டை ஓடுவா.”

“அப்ப சொல்லாமல் சபையிலை வைச்சு வெடிக்க விடப் போறியளோ?”

அக்காவுக்குப் பதிலாக மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் கவனமாகக் கேட்டான்.

“மாமா, திருத்த ஏலுமே?”

“ஏலும் எண்டுதான் நினைக்கிறன்.”

“நினைக்கிறன் எண்டால்?”

“இதுக்கு முதல் செய்ததில்லை.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “செய்யுங்கோ. அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ.”

தட்டத்தை மறுபடி இயந்திரத்தில் ஏற்றி, அடிப்பலகையை விளிம்பு ஓரமாகக் கூரிய உளியால் வெட்டினேன். மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது. போகும்போதெல்லாம் உளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பலகை கழன்று கையில் விழுந்த அதே கணம், விளிம்பின் வெடிப்பு தானாகவே மூடிக்கொண்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீற்று ஒளியும் இல்லை. ஆக, பொருத்தில் பிழை இல்லை, உள்ளேயிருந்த நெருக்கம்தான். கொஞ்சம் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தானாக மூடிய வாய் தானாகத் திறக்கவும் கூடும்.

அந்தப் பொருத்துக்குள் பசை ஊட்டி, ரியூபால் கட்டி, மின்குமிழ் எரியவிட்ட அறையில் வைத்தேன். மழைக்காலத்தில் பசை பால்போல ஈரமாகவே கிடந்தது. காய்ந்த பிறகு, விளிம்பின் உட்புறத்தில் ஒரு படி கடைந்து, அதில் ஒரு புது அடிப்பலகையை ஒட்டாமல் வைத்து, கீழேயிருந்து இன்னொரு வளையத்தை ஒட்டிச் சிறைப்படுத்தினேன். பலகையைச் சுற்றி நகக்கனத்தில் இடைவெளி விட்டேன். இனி அது விரும்பியபடி விரியலாம், சுருங்கலாம். காணொளிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பகுதி வரும்போதெல்லாம் அவசரத்தில் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் தட்டத்தைக் கொண்டுபோனேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். டொக் என்றது.

“தம்பி, உது ஆடுது!”

“ஆட வேணும் அக்கா. ஆடினால்தான் வெடிக்காது.”

“கலியாண வீட்டிலை நிண்டு வெடிப்பு எண்ட சொல்லை வாயிலை எடுக்காதை!”

அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. வெடித்ததையும் திருத்தியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டத்தைக் காதருகே வைத்து, தேங்காயில் தண்ணீர் பார்ப்பதுபோல ஆட்டினாள். டொக், டொக். பிறகு உள்ளே போய், பித்தளைத் தட்டத்தை எடுத்து வந்து, புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

“அப்ப எதைக் கொண்டு வரப் போறியள்?”

“நாளைக்குப் பாப்பம்.”

அடுத்த நாள் மண்டபத்தில் எனக்கு நடு வரிசையில் இடம். வெளியே மழை. நாதஸ்வரம் ஒலிக்கும்போதெல்லாம் மணவறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை வந்தால் நிம்மதி என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, பித்தளை வந்தால் மருமகனின் முகத்தைப் பார்க்க முடியாது என்றும் நினைத்தேன்.

அக்காவின் மகளும் அவள் புருசனும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வேம்பும் பலாவும் தெரிந்தன. அதன் கீழே, தகதகவென்று பித்தளை. அக்கா ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தாள். விழுந்தாலும் பித்தளைக்குள் விழட்டும்.

இரண்டும் ஒன்றில் ஒன்று பட்டு, அவர்கள் நடக்க நடக்க ஓசை வந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் தாலியைத் தொட்டுவிட்டு, தட்டத்தையும் தொட்டுப் பார்த்தார்.

“பிள்ளை, உதின்ரை அடி கழண்டு போச்செல்லே?”

“இல்லைப் பெரியப்பா, அது அப்பிடித்தானாம். மாமாவின்ரை கண்டுபிடிப்பு.”

சிரிப்பொலி கேட்டது. நான் நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள். “நிமிந்து இருங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

எங்கள் வரிசைக்கு வந்தார்கள். என் முறை. குனிந்தேன். வெடித்த பொருத்து என் பக்கமாகவே இருந்தது. அதன் மேல் பெருவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல ஓட்டினேன். நகம் எங்கும் தடக்கவில்லை. உறுதி வராமல் இன்னொரு தரம் ஓட்டினேன்.

“மாமா,” என்றாள் அக்காவின் மகள் மெல்லிய குரலில், “தாலியைத் தொடுங்கோ. தட்டத்தையில்லை. பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

தொட்டேன். அவர்கள் அடுத்த வரிசைக்குப் போனார்கள். திரும்பிப் பார்ப்பது சரியில்லை என்பதால் காதால் பின்தொடர்ந்தேன். பெண்கள் பக்கம். பின் வரிசை. சாப்பாட்டு மண்டப வாசல். ஓசை மெல்ல வளைந்து முன்னே வந்தது. பிறகு நின்றுவிட்டது. எழுந்து எட்டிப் பார்த்தேன். ஐயருக்கு முன்னால், இரண்டு தட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக, தேங்காயோடு இருந்தன. பக்கத்தில் நின்ற அக்கா என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, “இரு” என்று கையால் காட்டினாள்.

மணப்பெண் கூறைச் சேலை மாற்றி வந்த பிறகு ஐயர் தேங்காயின் மேலிருந்து தாலியை எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அறுகரிசி எறிந்தார்கள். நானும் எறிந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. வியர்வையில் அரிசி முழுவதும் உள்ளங்கையிலேயே ஒட்டியிருந்தது.