யசோதா மேடம் யாருக்கும் குறியீடு அல்ல

சித்தூர் பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது யசோதா மேடத்தின் தம்பி முருகேசன் அழைத்தார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கி மீதியைச் சொன்னார்கள். புத்தூரில் டியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே யசோதா மேடம் மயங்கி விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. திருப்பதி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

நகரிக்குப் போகும் வண்டியில் ஏறினேன். வழி நெடுக அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. அஞ்சலிக் கட்டுரையில் கோபம் கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். மேடத்தை அறிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

மேடம் நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் தாயும் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். திருப்பதியில் தமிழ் எம்.ஏ. படித்து, நவீனக் கதைகளில் வறுமையும் செல்வமும் எப்படிக் குறியீடாக வருகின்றன என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் நானும் அவரும் ஒன்றாகத்தான் தமிழ் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். இருவருமே ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலையில் இருந்தோம்.

ஒருமுறை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். நாயகியின் கிழிந்த சேலை வறுமையின் குறியீடு, வறுமையே ஒழுக்கக்கேட்டின் தொடக்கம் என்று வகுப்பு முழுவதும் ஒரே கைடைப் பார்த்து எழுதியிருந்தது. மறுநாள் அவர் வகுப்பில் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "கிழிஞ்ச சேலை மொதல்ல கிழிஞ்ச சேலை. யார் கட்டிக்கினு இருக்கா, அவளுக்கு வேற சேலை ஏன் இல்ல, இத்தக் கேளுங்க. கேட்டப்புறம் குறியீட்டுக்குப் போலாம்."

பணக்காரர்களைத் திட்டும் கதைகளையும் அவர் சும்மா விட்டதில்லை. சித்தூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் கதை படித்தார். அதில் ஒரு செல்வந்தர் வீட்டு வெள்ளித் தட்டில் பழங்கள் அழுகிக் கிடக்கும். எல்லோரும் தலையாட்டினோம். மேடம் மட்டும் சிரித்தார். பழம் யார் வீட்டிலும் அழுகும், அந்த ஆள் என்ன செய்தான் என்று கதையில் ஒரு வரிகூட இல்லையே என்றார். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு அந்தக் கதையைத் திருத்தி எழுதினார்.

பங்காருபாளையம் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை நடத்தும் பெரியவர் ஒருவர் இலக்கியப் பரிசு ஒன்றைத் தொடங்கினார். எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். முதல் பரிசு நகரியைக் களமாகக் கொண்ட ஒரு நாவலுக்குப் போயிற்று. தறி ஓட்டும் ஒருத்தி பசி தாங்காமல் பிள்ளைகளை விட்டுவிட்டு லாரி முதலாளியோடு போய்விடுகிறாள். அவள் வழி தவறும் இடத்திலெல்லாம் தறியில் நூல் அறுகிறது. திருப்பதி ஓட்டல் ஒன்றில் நடந்த விழாவில், நகரிக்காரர் என்பதால், நாவலைப் பாராட்டிப் பேச மேடத்தை அழைத்தார்கள்.

மேடம் மேடைத் தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசும் தமிழில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"நூல் அறுந்துக்கினே இருக்குது இந்த நாவல்ல. கூலிய அறுத்தவன் மட்டும் எங்கயும் காணல. பசிச்சா ஒழுக்கம் போய்டும்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா பசியோடதான் தறி ஓட்டினாங்க. அவங்க ஒழுக்கம் எங்கயும் போவல. கூலியப் பாதியாக் கொறச்சிட்டு மலைக்குப் போற பக்தருங்களுக்கு அன்னதானம் போட்டானே, அவன் வீட்ல போச்சு. அங்க போய்ப் பாத்து எழுதுங்க."

அவர் சொன்னது நகரியில் தம் சிறுவயதில் இருந்த ஒரு தறி முதலாளியை. ஆனால் விழா நடந்த அந்த மாம்பழப் பருவத்தில்தான் கூழ் ஆலையிலும் பெண்களின் கூலியைக் குறைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் அதைத் தம்மைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும். பொருந்தாத சட்டையை யாரும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தபோது கால அட்டவணையில் மேடத்தின் பெயர் இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அதே மாதம் அதே இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்ந்தார். நாங்கள் சிலர் போய் முதல்வரைக் கேட்டோம். அது நிர்வாகத்தின் முடிவு, நீங்களும் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சில மாதம் கழித்துப் பெரியவர் தரப்பிலிருந்து ஒரு தூது வந்தது. நாவலின் மறுபதிப்புக்கு மேடம் நல்லதாக ஒரு முன்னுரை எழுதினால் வேலை திரும்பக் கிடைக்கும். தாயையும் படித்துக்கொண்டிருந்த தம்பி மகளையும் நினைத்து, யோசித்துப் பாருங்கள் என்று நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எழுதிக் குடுத்தா வேலை வரும் சார். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வகுப்புல நின்னு அந்தக் கிழிஞ்ச சேலையப் பத்திக் கேப்பேன்?"

அதற்குப் பிறகு புத்தூர் டியூஷன்தான். காலையில் போய் மாலையில் திரும்புவார். பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்லுவார். இரத்த அழுத்த மாத்திரையை நாள் விட்டு நாள் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவர் இறந்த பிறகு முருகேசன் சொல்லித்தான் அறிந்தேன். வறுமை எதன் குறியீடு என்று இன்னும் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். வறுமை என்றால் தினமும் போட வேண்டிய மாத்திரையை நாள் விட்டு நாள் போடுவது.

நகரியில் உடலைக் கிடத்தியிருந்த வாசலுக்குப் பெரியவரின் கார் வந்தது. ஆள் உயர மலர்வளையம் வந்தது. கூடவே ஒரு ஃபிளெக்ஸ் பேனரும் வந்தது. அதில் அவர் படம் மேடத்தின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார். ஏழ்மை என்னும் சேற்றில் மலர்ந்த தாமரை யசோதா என்றார். மேடத்தின் பெயரால் ஆண்டுதோறும் பரிசு வழங்கப்போவதாகவும் அறிவித்தார். கூட்டத்தில் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

உடலருகே உட்கார்ந்திருந்த மேடத்தின் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எது நைனா சேறு? நானும் எங்க வீட்டுக்காரும் பாடுபட்ட வீடு இது. இங்கதான் அவள வளத்தோம், படிக்க வெச்சோம். அத்த சேறுன்றியே. வேலையப் புடுங்கினது யாருன்னு எனக்குத் தெரியும். இந்த மாலைய எடுத்துக்கினு போ."

முருகேசன் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். பெரியவர் காரில் ஏறிப் புறப்பட்டுப் போனார். பேனரையும் அவருடைய ஆட்களே அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் பரிசுத் திட்டத்தை அவர் கைவிடவில்லை. நடுவர் குழுவில் சேரும்படி எனக்கும் அழைப்பு வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். என் ஒப்பந்தமும் அடுத்த ஜூனில் முடிகிறது. முடிந்தால் முடியட்டும். மேடத்தை அறிந்தவர்கள் எவரும் அந்தப் பரிசை வாங்கக் கூடாது என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் வந்துபோன அன்று மாலையில் மேடத்தைத் தெரு வழியாகக் கொண்டுபோனோம். வீடுகளுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைய கூலியை விட்டுவிட அங்கே யாராலும் முடியாது. பெண்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடத்தின் காலைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அதற்கு நான் எந்த அர்த்தமும் ஏற்றப்போவதில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

போய் வாருங்கள் மேடம். உங்கள் கோபத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போங்கள்.