வாய் தெரியாத ஹெல்மெட்

தேன்மொழி, குமரா,

நேற்று போனில் ரெண்டு பேரும் சண்டை போட்டீர்கள். புது ஸ்கூட்டருக்கு ஓப்பன் ஃபேஸ் போதும் என்று தேனு, ஃபுல் ஃபேஸ்தான் வேணும் என்று குமரன். "ஹெல்மெட் விக்கிறவரு நீங்க, நீங்களே சொல்லுங்கப்பா" என்று கடைசியில் என் தலையில் போட்டுவிட்டீர்கள். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற ஆள் நான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. சாக்கு

குருபரப்பள்ளியில் ரோட்டோரம் கடை போட்ட முதல் நாள், முதலில் வந்தவர் கர்நாடகா வண்டிக்காரர். ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டினேன். "பேடா, ஹாஃப் சாக்கு" என்றார். நான் சாமல்பட்டிப் பக்கத்து ஆள், அன்றைக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. "சாக்கெல்லாம் சொல்லாதீங்கணா, போட்டுப் பாருங்க" என்றேன். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், அவங்க பாஷையில பேடான்னா வேணாம், சாக்குன்னா போதும்னு அர்த்தம்யா!"

அர்த்தம் தெரிந்த பிறகும் எனக்கு அது சாக்காகத்தான் கேட்டது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்கு மூஞ்சி தெரியணும் என்பார்கள். வேர்க்குது என்பார்கள். வெற்றிலை துப்ப முடியாது என்பார்கள். "மூஞ்சிய மூடிட்டா பொண்ணு எப்படிணா பாக்கும்?" என்று ஒருவன் கேட்டான். "பல்லு இல்லாத மூஞ்சிய மட்டும் பாக்குமா?" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். ஹாஃப் என்று கேட்கிற ஓப்பன் ஃபேஸ் மண்டையையும் காதையும் மூடும். ஃபுல் ஃபேஸில் அதோடு தாடைக்கு முன்னால் ஒரு பட்டை வரும். விழுகிறவன் உச்சந்தலையில்தான் விழுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விழுவதில்லை. மூஞ்சி குப்புற விழுந்தால் அந்தப் பட்டை முதலில் ரோட்டைத் தொடும். அது இல்லாவிட்டால் தாடை தொடும். எந்தச் சாக்குக்கும் இந்தப் பதில் போதும் என்று இருந்தேன், முனிராஜும் மஞ்சுளாவும் வரும் வரைக்கும்.

2. இடது கண்ணாடி

சூளகிரிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். அன்றைக்கு லீவு போல. குலசாமி கும்பிடப் போய்விட்டு இந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தார்கள். வண்டியை நிறுத்தியதும் நான் கவனித்தது இடது பக்கக் கண்ணாடி. ரோட்டைப் பார்க்காமல், ஓட்டுகிறவன் மூஞ்சியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரோ இடித்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்து, நானே ரோட்டுக்குத் திருப்பி வைத்தேன்.

அந்தப் பெண் சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். பழையபடி திருப்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கணா" என்றான் முனிராஜ். "இவளுக்குக் காது கேக்காது. என் வாயப் பாத்துதான் பேச்சப் புரிஞ்சிக்குவா. நான் பேசறது பின்னாடி இருந்து அந்தக் கண்ணாடியில தெரியும்."

நான் அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை ஆயிரம் வண்டிகள் என் கடை முன்னால் நின்று போயிருக்கும்! ஒரு குடும்பத்தின் பேச்சு முழுக்க அதற்குள் போய் வருகிறது என்று நான் நினைத்ததே இல்லை.

"எல்லாப் பேச்சும் தெரிஞ்சிடுமா தம்பி?"

"தொண்ணூறு பர்சென்ட் தெரியும்ணா. சிலது மாட்டிக்கும். அம்மான்னாலும் அப்பான்னாலும் அவளுக்கு ஒரே வாய்தான், உதடு ஒரே மாதிரி மூடும். மூஞ்சியப் பாத்து யாரச் சொல்றேன்னு கண்டுபிடிப்பா."

இதற்குள் மஞ்சுளா ஃபுல் ஃபேஸ் ஒன்றை எடுத்து அவன் தலையில் மாட்டப் பார்த்தாள். அவன் விலகினான். அவள் ரெண்டு கையாலும் வேகவேகமாக என்னிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன தம்பி சொல்லுது?"

"கலர் நல்லா இல்லன்னு சொல்றாணா."

அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"சரி, சரி! உண்மையச் சொல்லிடறேன். போன வாரம் எங்க கண்ணு முன்னாடி ஒருத்தரு பிரேக் அடிச்சு குப்புற விழுந்துட்டாருணா. ஓப்பன் ஃபேஸ்தான் போட்டிருந்தாரு. தலைக்கு ஒண்ணும் இல்ல. தாடை ரெண்டா போச்சு. அன்னிலேர்ந்து இவ என் வண்டியில வேலைக்கு வரல, கம்பெனி பஸ்தான். இன்னிக்கு சாமி பேரச் சொல்லித்தான் ஏத்திட்டு வந்தேன். ஃபுல் ஃபேஸ் வாங்கினாதான் இனிமே ஏறுவாளாம்." அவன் குரல் இறங்கியது. "அதப் போட்டா என் வாய் எப்படிணா தெரியும்? வீட்டுல அம்மா, கொழந்தைங்க, வேலை. நாங்க ரெண்டு பேரும் மட்டும் பேசறது அந்த வண்டியிலதான்."

இது சாக்கு இல்லை.

மஞ்சுளா ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். ரெண்டு விரலால் அவன் உதட்டைத் தொட்டாள். அதே விரலால் தன் காதைத் தொட்டாள். பிறகு அவன் தாடைக்கு நேராக ஒரு குச்சியை ஒடிப்பது போல ரெண்டு கையாலும் காட்டினாள். மறுபடியும் தன் காதைத் தொட்டு, கையை விரித்தாள்.

எனக்கே விளங்கியது. உன் வாய்தான் என் காது. அது உடைந்தால் நான் எங்கே போவேன்?

முனிராஜ் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். கன்னத்தில் இறுக்கமாக உட்காருகிறதா, ஸ்ட்ராப் சரியா என்று பார்த்துவிட்டேன். உள்ளே இருந்து அவன் ஏதோ சொன்னான். அவளுக்கு அவன் கண் மட்டும்தான் தெரிந்தது. கையை விரித்துச் சிரித்தாள். பிறகு வண்டிக்குப் போய், நான் திருப்பியபோது தட்டிவிட்ட அதே கையால், இடது கண்ணாடியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.



3. நின்று பேசுகிறவர்கள்

போன வாரம் சரக்கு எடுக்க பஸ்ஸில் ஓசூர் போனேன். சூளகிரி தாண்டி சர்வீஸ் ரோட்டில் அவர்களைப் பார்த்தேன். வண்டி ஓரமாக நின்றது. முனிராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறான். அவள் கையால் பதில் சொல்கிறாள், முதுகில் ஒன்று வைக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்கிறான். வண்டி கிளம்பியது. ஓடுகிற வண்டியில் நாம் பேசுவதில் பாதி காற்றோடு போகிறது. அவர்களுக்கு ஒரு வார்த்தை வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும்.

தேனு, ஃபுல் ஃபேஸ் எடு. வேர்க்கும். கம்பெனி கேட்டில் கழற்றித்தான் காட்ட வேண்டியிருக்கும். காட்டிவிட்டு மாட்டிக்கொள். தலையைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் என்று இத்தனை வருஷம் சொல்லி விற்றேன். உன் மூஞ்சியும் உன் வாயும் உனக்கு மட்டும் சொந்தமில்லை என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

அவர்கள் வாங்கிக்கொண்டு போன அன்றைக்கு, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், நான் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இடது கண்ணாடியை என் வாய் தெரிகிற மாதிரி திருப்பினேன். சத்தம் வராமல் அப்பா என்றேன். பிறகு அம்மா என்றேன். அந்தத் தம்பி சொன்னது சரிதான், ரெண்டும் ஒரே வாய்தான். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை ரோட்டுக்குத் திருப்பி வைத்தேன்.