அஞ்சலையைத் தூங்கவிடாதவள்

நான் பேய்க்குப் பயந்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் பல்லைக் காட்டினால் எனக்குக் கோபம் வரும். சுடுகாட்டை ஒட்டின கொல்லைக்கு ராத்திரியில் தனியாகத் தண்ணீர் கட்டப் போனவன் நான். மடையைத் திருப்பிவிட்டுப் போகிற பக்கத்துக் கொல்லைக்காரனுக்குப் பயந்திருக்கிறேனே தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். இது நடந்தது இருட்டில்கூட இல்லை, நல்ல வெயிலில்.

எங்கள் ஊர் குருவிநத்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம், பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் போனால் இங்கிலீஷ்காரன் சீமை. மாசி மாதம், எங்கள் கொல்லையில் கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. மாடு பூட்டிச் சுற்றுகிற இரும்பு ஆலை. ஒரு பக்கம் சாறு பிழிய, ஒரு பக்கம் கொப்பரையில் பாகு காய்ச்ச, இரவு பகல் கிடையாது. அடுப்பு அணைந்தால் சாறு புளித்துவிடும். நான் சரியாகப் படுத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நின்றுகொண்டே தூங்குவேன், யாராவது கூப்பிட்டால் தூக்கத்திலேயே பதில் சொல்வேன். பெண்சாதி பூங்காவனம் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். மூத்தவள் அஞ்சலை என்னோடுதான் ஆலையடியில் கிடந்தாள். நான்கு வயசு.

என் அப்பாவுக்கு மூட்டுவலி. அதற்கு அபின் சாப்பிடுவார். அப்போதெல்லாம் அது கடையில் கேட்டால் கிடைக்கும், யாரும் தப்பாக நினைத்ததில்லை. வாய்க்குக் கசக்கிறதென்று, ஆலை ஆடுகிற காலத்தில் சூட்டு வெல்லத்துக்குள் அபினை வைத்துக் கோலி மாதிரி உருட்டிப் பொடி டப்பாவில் போட்டு மடியில் செருகிக்கொள்வார். குழந்தை தினமும் பார்க்கிறது, தாத்தா டப்பாவைத் திறந்து வெல்லம் தின்கிறார். அதற்கு வேறு என்ன தெரியும்? அன்றைக்குக் காலையில் அவர் கொட்டகையில் கண்ணயர்ந்த நேரம், மடி நெகிழ்ந்து டப்பா வெளியே கிடந்திருக்கிறது.

நான் பார்த்தபோது டப்பா காலி. அஞ்சலையின் வாயெல்லாம் வெல்லம். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்படியே சாய்ந்தாள்.

ஓடிப்போய் ஊர் வைத்தியரைக் கூட்டி வந்தேன். அவர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"இது எங் கையில இல்லப்பா. பாகூர்ல டாக்டர் இருந்தா இட்டுக்கினு வரேன். அதுவரிக்கும் தூங்க வுடாதே. தூங்குனா மூச்சு நின்னுபூடும், தெரிதா? அடிச்சாவது நடக்க வையி."

வண்டி ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும் என்று அவளை ஏற்றவில்லை, அவரே எங்கள் வண்டியைப் பூட்டினார். அப்பா அழுதுகொண்டே கூட ஏறிக்கொண்டார். ஆலையாட்கள் கொப்பரையை இறக்கிவிட்டு, பாதை காலியாகட்டும் என்று மாட்டையும் அவிழ்த்து ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் குழந்தையும்தான் மிச்சம்.

மாடு சுற்றிச் சுற்றி மிதித்த வட்டப் பாதை இருந்ததே, அதிலேயே அவளை நடத்தினேன். இரண்டு சுற்று வருவாள், கால் பின்னும், மடங்கி உட்காருவாள். தண்ணீரை முகத்தில் அடிப்பேன். கிள்ளுவேன். கன்னத்தில் அறைந்தேன், பெற்ற பிள்ளையை. "யப்பா, தூக்கம் வருதுப்பா. கொஞ்சூண்டு தூங்கறம்பா" என்று கெஞ்சினாள். அந்தக் குரலில் எனக்கும் தூக்கம் வந்தது, அதுதான் கொடுமை. எத்தனை சுற்றோ தெரியாது, அவளைப் பிடித்துக்கொண்டே நான் தடுக்கிக் கரும்புச் சோகைக் குவியலில் உட்கார்ந்தேன். எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஆலையின் நிழல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தது. என் மடியில் குழந்தை இல்லை. என் உடம்பில் உயிரும் இல்லை. செத்துக் கிடக்கிறாள் என்றே தரையைத் தேடினேன்.

அவள் நடந்துகொண்டிருந்தாள். அதே வட்டப் பாதையில், நான் நடத்தியதைவிட நிதானமாக. வலது கை மேலே தூக்கியிருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தை எப்படித் தூக்கும், அப்படி. விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. அந்தத் தோள் மட்டும் உயர்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

தூக்கக் கலக்கம் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் கண்ணெதிரே அவள் கால் பின்னியது. விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அந்தத் தூக்கிய கையிலேயே ஒரு கணம் தொங்கினாள், கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைத் தொட்டது. பிறகு நிமிர்ந்து மறுபடி நடந்தாள். நடக்கும்போது நடுநடுவே "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்". கதை கேட்கிற குழந்தை கொட்டுகிற "ம்" அது. கதைதான் எனக்குக் கேட்கவில்லை.

பிடித்து இழுத்துவிடலாமா என்றால், யார் பிடியிலிருந்து இழுக்கிறோம் என்று தெரியாமல் எப்படி இழுப்பது? அவள் நடக்கிறாளே, மூச்சு விடுகிறாளே, அது போதும் என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக, இது நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பு.

பொழுது சாய வண்டிச் சத்தம் கேட்டது. அஞ்சலையின் கை மெல்லக் கீழே இறங்கியது. தலையை அண்ணாந்து யாரையோ பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது.

வேறு ஊருக்குப் போயிருந்த டாக்டரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் பார்த்தார், ஊசி போட்டார், விடிகிற வரை பக்கத்திலேயே இருந்தார். "நல்ல வேலை செஞ்சீங்க. தூங்கியிருந்தா நான் வந்து பிரயோஜனமில்லை" என்று என் தோளைத் தட்டினார். தலையாட்டினேன். கால்தடம் பார்த்தீர்களா என்று கேட்கப் போகிறீர்கள். பார்த்தேன் ஐயா, மாட்டுக் குளம்படி பட்ட புழுதியில் எதைக் கண்டுபிடிக்கிறது? ஊரில் கிழம்கட்டைகளிடமெல்லாம் விசாரித்தும் பார்த்துவிட்டேன். அந்தக் கொல்லையில் செத்தவர் யாரும் கிடையாது.

அஞ்சலையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை. அவளும் மறந்துவிட்டாள் என்றுதான் இருந்தேன்.

பூங்காவனம் கைக்குழந்தையோடு வீடு திரும்பின பிறகு ஒரு நாள் மத்தியானம். பால் கொடுத்துக்கொண்டே அசதியில் அவள் கண் சொருகியது. அஞ்சலை ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூங்காதம்மா. தம்பிய பாத்துக்க."

"இன்னாடி இது, செத்த நேரம் கண்ண மூட வுட மாட்டியா?"

"அந்த அம்மா இப்டித்தான் தூங்கிட்டாங்களாம். முழிச்சுப் பாத்தா பாப்பா செத்துப் போச்சாம். அதான் அவங்க தூங்கறதே இல்லியாம்."

"எந்த அம்மாடி?"

"ஆலையில என்ன நடக்க வச்சாங்களே, அவங்க. அவங்களுக்கும் தூக்கம் தூக்கமா வருதாம்மா. கண்ணெல்லாம் எரியுதாம்."

பூங்காவனம் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அஞ்சலைக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள், அவளுக்கு எதுவும் நினைவில்லை. நானும் எத்தனையோ வேலை செய்து களைத்தவன், தலை சாய்த்தால் தூங்கிவிடுவேன். சாய்க்கிற அந்த நேரத்தில் மட்டும் அந்தத் தூங்காதவள் ஞாபகம் வருகிறது. யார் பெற்றவளோ, எந்த ஊரோ, இன்னும் உட்காராமல் நடந்துகொண்டிருக்கிறாளே என்று.