பாரிவாக்கம் வீட்டில் என் குரல்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன், தானாக எரிகிற லைட், தானாகச் சுற்றுகிற ஃபேன் என்று எத்தனை வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் எங்கேயாவது லூஸ் கனெக்‌ஷன் இருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், என் பெயரைக் கெடுத்துவிட்டு நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

இப்போதெல்லாம் வெறும் வயரிங் வேலைக்கு யார் கூப்பிடுகிறார்கள்? லைட் ஒரு கம்பெனி, ஏசி இன்னொரு கம்பெனி, வாசல் கேட்டும் கேமராவும் வேறு கம்பெனி என்று வாங்கிப் போட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று பேசவில்லை, போனில் ஆறு ஆப் இருக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் நடுவில் ஒரு சின்ன டப்பாவை வைத்து எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் சேர்த்து, வாயால் சொன்னால் வேலை செய்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். பாரிவாக்கத்தில் புதிதாக வந்த ஒரு குடியிருப்பில் ஆரோக்கியசாமி சார் வீட்டுக்கும் அப்படித்தான் செய்தேன். அம்பத்தூர் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். வீட்டில் அவரும் மருமகள் ஜெனிஃபரும் ஆறு மாதக் கைக்குழந்தையும்தான்.

வேலை நடக்கும்போது சோதித்துப் பார்ப்பதற்கு அந்த டப்பாவுக்கு முதலில் என் குரலைத்தான் பழக்குவேன், என் பெயரிலேயே. 'ஹால் லைட்டைப் போடு', 'கேட்டைத் திற' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன், என் தொண்டை அப்படி. வேலையை முடித்து ஒப்படைக்கிற அன்று அதை அழித்துவிட்டு வீட்டுக்காரர்கள் குரலை மட்டும் வைத்துவிட்டு வருவேன். இங்கேயும் அழித்தேன். ஜெனிஃபர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து சார் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போனால், உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஏம்பா முருகேசா, வயசுப் பொண்ணு தனியா கீற ரூம்ல உனக்கு இன்னா வேலை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் மதியம் மூன்று பத்துக்கு மாடியில் குழந்தை ரூம் லைட் அணைந்துவிடுகிறதாம். ஆப்பைத் திறந்து பார்த்தால் யார் சொல்லி அணைந்தது என்கிற இடத்தில் என் பெயர் இருக்கிறதாம். நான் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண்ணை ஒளித்து வைத்த கேமராவில் பார்க்கிறேன் என்று முடிவு கட்டி, குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாளே போட்டுவிட்டார். அந்தக் குரூப்பில் பதினோரு வீடு என்னிடம் வேலை சொல்லியிருந்தது. எனக்கும் வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள், என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை!

"சார், நான் எதுக்கு சார் அந்த ஈனத்தனம் பண்ணப்போறேன்?" என்று கத்தினேன்.

"அவர் அழிச்சாரு மாமா, நான் பாத்தேன்" என்று ஜெனிஃபர் மெதுவாகச் சொன்னது. அவர் காதில் வாங்கவில்லை. ஆப்பில் குரலும் பதிவாகியிருக்கும், அதை அமுக்கினார்.

நம்பினால் நம்புங்கள், என் குரல். சந்தேகமே இல்லை, என் குரலேதான். ஆனால் நான் ஜென்மத்தில் பேசாத மாதிரி, அவ்வளவு மெதுவாக, "குழந்தை தூங்குது, லைட்டை அணை" என்கிறது. ஒன்றல்ல, பத்தொன்பது நாள், பத்தொன்பது பதிவு. ஜெனிஃபர் அந்த ரூமில்தான் இருந்திருக்கிறது, ஒரு நாளும் எந்தக் குரலும் கேட்டதில்லை என்றது. லைட் மட்டும் அணையுமாம், அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை உடனே தூங்கிவிடுமாம்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் சும்மா விடுவேனா? அந்த மூன்று வாரமும் நான் அம்பத்தூர் பக்கம் பாடியில் ஒரு பட்டறையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த முதலாளிக்குப் போன் போட்டு, முந்தின நாள் மூன்று பத்துக்கு அவர் கேமராவில் பதிவானதை அனுப்பச் சொன்னேன். வந்தது. சார் கையில் கொடுத்தேன். ஏணி மேல் நிற்கிறேன், இரண்டு கையும் மேலே, உதட்டுக்கு நடுவில் நாலு ஸ்க்ரூ. எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்வோம். அந்த வாயால் 'ம்' என்றுகூடச் சொல்ல முடியாது.

சார் அதை மூன்று தரம் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதப்பா, எல்லாத்தையும் கழட்டிடு" என்றார். கழற்றிப் பழைய சுவிட்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் குரூப்பில் போட்டாரே, அதை மாற்றி ஒரு வரி போட்டாரா? இல்லை. இன்றுவரை இல்லை. பதினோரு வீட்டில் ஒரு வீடும் கூப்பிடவில்லை. பேய் செய்ததைக்கூட மன்னிப்பேன், மனுஷன் செய்ததை எப்படி மன்னிப்பது?

ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பதிவை என் போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் என் மனைவி மாலாவிடம் போட்டுக் காட்டினேன். அவளாவது எனக்காக நாலு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தால், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் கொரல்தான்யா. நம்ம பொண்ணு கொழந்தையா இருந்தப்ப ஒரு நாளாச்சும் இப்டி பேசிகீறியா நீ? ராவெல்லாம் அயுதுகினு இருப்பா, உள்ள வந்து ஒரு லைட்டு அணைச்சிருப்பியா?"

வேலை வேலை என்று அலைந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அதே மாதிரி ஒரு தரம் சொல்லிக் காட்டு என்றாள். சொன்னேன். பத்து தரம் சொல்லியிருப்பேன், தொண்டையைத் தணித்து, மூச்சைப் பிடித்து. வரவில்லை. என் குரல்தான், எனக்கே வரமாட்டேன் என்கிறது.

அதற்குள் டியூஷன் முடிந்து என் மகள் வந்தாள். மேஜை மேல் இருந்த போனை எடுத்து அந்தப் பதிவை முழுதாகக் கேட்டாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா பேசுறாருப்பா. யாரு இவரு?"

கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை.